காய்ச்சல் விட்ட பிறகு மாரடைப்பு: வயதானவர்களின் வைரஸ் காய்ச்சலும் இதயமும்

நெல்லை_கார்த்தி
வணக்கம் நண்பர்களே. சமீபத்தில் எங்கள் பெரியப்பா தவறிவிட்டார். வயது 76. பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை சாப்பிட்டு வந்தார், சில வருடங்களுக்கு முன் இதயக் குழாய் அடைப்புக்கு ஒரு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் வந்த அதே காய்ச்சல்தான் அவருக்கும் வந்தது. உடம்பு வலி, வறட்டு இருமல், நாலைந்து நாள் படுக்கை. பிறகு காய்ச்சல் விட்டது, எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார், பேரனோடு பேசினார். மறுநாள் விடியற்காலையில் பனியன் நனைகிற அளவுக்கு வேர்த்தது. காய்ச்சல் இறங்குகிறது, நல்லதுதான் என்று பெரியம்மா துடைத்துவிட்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் நெஞ்சை அடைக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

சான்றிதழில் மாரடைப்பு என்று இருக்கிறது. காய்ச்சல்தான் கொன்றது என்று வீட்டில் ஒரு பக்கம், ஏற்கனவே இதய நோய், காய்ச்சலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இன்னொரு பக்கம். நிஜமாகவே சம்பந்தம் உண்டா? என் அம்மாவுக்கு 71 வயது, பிரஷரும் சுகரும் இருக்கின்றன. மழைக்காலம் வரப்போகிறது. நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பவானிக்கரை
மனசு கனக்கிறது தம்பி. எனக்கும் 68 ஆகிறது, பிரஷர் மாத்திரை தினமும் உண்டு. யாராவது விவரமாகச் சொல்லுங்கள், நானும் படிக்கிறேன்.

மருத்துவர்_மருதம்
கார்த்தி, உங்கள் குடும்பத்துக்கு என் ஆழ்ந்த அனுதாபம். நான் பொது மருத்துவம் பார்க்கிறேன். பெரியப்பாவின் ஈசிஜியையோ ரத்தப் பரிசோதனையையோ பார்க்காமல் அவருக்கு இதுதான் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் விவரித்த வரிசை எங்களுக்குப் பழகிய வரிசை. வீட்டில் இரண்டு பக்கமும் பாதிப் பாதி சரியாகச் சொல்கிறார்கள்.

இதயத்தின் ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவு பல வருடங்களாகச் சேர்ந்திருக்கும். மேலே மெல்லிய மூடி ஒன்று இருக்கும். அது பிளக்காதவரை பலருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. வைரஸ் உள்ளே போனதும் அதை எதிர்க்க உடம்பு முழுக்க அழற்சி கிளம்புகிறது. அந்த அழற்சி இந்த மூடியையும் பலவீனமாக்குகிறது. மூடி பிளந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாய் அடைபடும். தொற்று இருக்கும்போது ரத்தமே வழக்கத்தைவிடச் சுலபமாக உறையும் நிலையில் இருக்கும்.

கூடவே இதயத்துக்கு வேலையும் ஏறுகிறது. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் நாடித்துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 கூடும். நுரையீரலில் தொற்று இறங்கினால் ஆக்ஸிஜன் குறையும். சரியாகச் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் கிடந்தால் ரத்த அழுத்தம் இறங்கும். அதாவது இதயம் அதிகம் கேட்கிற நேரத்தில் அதற்குக் கிடைப்பது குறைகிறது. 30 வயதுக்காரருக்கு இதைத் தாங்கக் கையிருப்பு இருக்கும். ஏற்கனவே குழாய் சுருங்கி, சுகரும் சேர்ந்த 76 வயதுக்காரருக்கு அந்தக் கையிருப்பு இல்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. ஃப்ளூ அலை வரும்போதெல்லாம் நிமோனியா சாவுகளோடு இதய நோய்ச் சாவுகளும் சேர்ந்து ஏறுவதை அமெரிக்கப் புள்ளியியலாளர் செல்வின் காலின்ஸ் 1932 இலேயே எழுதிவிட்டார்.

ஸ்கார்பரோ_சிவா
நான் கனடாவில் இருக்கிறேன். இந்தக் கேள்விக்கு மிக நேரடியான பதில் எங்கள் ஒன்ராறியோ மாகாணத் தரவில் இருந்துதான் வந்தது. 2018 இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஆய்வு. பரிசோதனைக்கூடத்தில் ஃப்ளூ என்று உறுதியானவர்களை எடுத்து, அவர்களில் யார் யார் அதற்கு ஒரு வருடம் முன்னும் பின்னும் மாரடைப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று பார்த்தார்கள். மொத்தம் 364 மாரடைப்புகள். அவற்றில் 20, ஃப்ளூ உறுதியான அந்த ஒரே வாரத்தில் வந்தவை. மற்ற காலத்தில் சராசரி வாரத்துக்கு 3 சொச்சம்தான். அதாவது 6 மடங்கு.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒப்பிட்ட முறை. ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடவில்லை. அதே ஆளின் ஃப்ளூ வாரத்தை அவருடைய மற்ற வாரங்களோடு ஒப்பிட்டார்கள். ஆகவே "அவருக்கு ஏற்கனவே பிரஷர், அவர் சிகரெட் குடிப்பவர், அதனால்தான்" என்று தள்ளிவிட முடியாது. பிரஷரும் சிகரெட்டும் எல்லா வாரமும் இருந்தவைதானே. ஏழு நாளுக்குப் பிறகு அந்தக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை.

ஆர்எஸ்வி என்ற வைரஸிலும், சாதாரணத் தடிமன் (ஜலதோஷம்) தருகிற மற்ற வைரஸ்களிலும் ஆபத்து கூடியது, ஆனால் ஃப்ளூ அளவுக்கு இல்லை.

எண்கணக்கன்
நல்ல ஆய்வு. இருந்தாலும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆறு மடங்கு என்றதும் ஃப்ளூ வந்த பெரியவர்கள் எல்லோருக்கும் அட்டாக் வரும் என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலானவர்கள் குணமாகிவிடுகிறார்கள். அடிப்படை ஆபத்து யாருக்கு ஏற்கனவே அதிகமோ, அவர்களுக்குத்தான் அந்த ஆறு மடங்கு பெரிய எண்ணாக மாறும்.

கொரோனா காலத்துத் தரவையும் பார்ப்போம். 2020 பிப்ரவரியில் சீன நோய்க் கட்டுப்பாட்டு மையம் 44,672 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டது. மொத்த இறப்பு விகிதம் 2.3%. 70 முதல் 79 வயதில் 8%, 80 தாண்டியவர்களில் 14.8%. இதய நோய் உள்ளவர்களில் 10.5%, சர்க்கரை நோயில் 7.3%, ரத்த அழுத்தத்தில் 6%. எந்த நாள்பட்ட நோயும் இல்லாதவர்களில் 0.9%. உலகம் முழுக்கப் பலருக்கும் கிலி பிடித்தது இந்த எண்களைப் பார்த்துத்தான்.

ஆனால் இதயநோய்க்காரர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். அந்த 10.5% இல் வயது எவ்வளவு, இதயம் எவ்வளவு என்று அந்தப் பட்டியல் பிரித்துச் சொல்லவில்லை. அதைப் பிரித்துப் பார்த்தது இங்கிலாந்தின் ஓபன்சேஃப்லி ஆய்வு. 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகள், 10,926 கொரோனா சாவுகள். 50களில் இருப்பவர்களோடு ஒப்பிட்டால் 80 தாண்டியவர்களுக்கு ஆபத்து 20 மடங்குக்கு மேல். வயது உள்ளிட்ட மற்ற காரணிகளைக் கழித்த பிறகு நாள்பட்ட இதய நோய் தந்த கூடுதல் ஆபத்து 17% அளவில்தான் நின்றது. ரத்த அழுத்தம் தனியாகக் கூடுதல் ஆபத்து எதையும் காட்டவில்லை. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சிறுநீரகம் மோசமாகப் பழுதானவர்களுக்கு இரண்டரை மடங்கு.

தர்க்கம்77
அப்படியானால் பிரஷர் ஒரு பிரச்சினையே இல்லை என்கிறீர்களா? நம் மாநில அரசின் தினசரி கொரோனா அறிக்கையில் ஒவ்வொரு சாவுக்கும் பக்கத்தில் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் என்று போட்டுக்கொண்டே இருந்தார்களே. அதைப் படித்துவிட்டு "எனக்குத்தான் இதெல்லாம் இல்லையே" என்று முகக்கவசம் போடாமல் திரிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மருத்துவர்_மருதம்
தர்க்கம், நீங்கள் சொல்கிற அந்தப் பழக்கம் நிறையக் கெடுதல் செய்தது. 60 வயது தாண்டிய நூறு பேரை நிறுத்தினால் அவர்களில் பெரும்பகுதிக்கு பிரஷரோ சுகரோ இருக்கும். அதை எழுதியதும் படிப்பவர்கள் "அவர் எப்படியும் போயிருப்பார்" என்று எடுத்துக்கொண்டார்கள். பிரஷரும் சுகரும் வைத்துக்கொண்டே இன்னும் பத்துப் பதினைந்து வருடம் நன்றாக வாழ்ந்திருக்கக் கூடியவர்கள் அவர்கள். கார்த்தியின் பெரியப்பாவையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

பிரஷர் பற்றி: மற்ற எல்லாக் காரணிகளையும் கழித்துவிட்டுப் பிரஷரை மட்டும் தனியாக நிறுத்தினால் எண் சிறியதாகத் தெரியும். ஆனால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் இருபது முப்பது வருடமாகப் பழுதாக்கியது அதே பிரஷர்தான். அந்தப் பழுதுகளைத் தனி வரியில் எழுதிக் கழித்துவிட்டால் பிரஷரின் கணக்கில் என்ன மிஞ்சும்? எனவே ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு பிரஷர் கட்டுக்குள் இருக்கிற ஒருவர், பெயரைக் கேட்டே பயப்பட வேண்டாம். மாத்திரையை விட்டுவிட்டு இருப்பவர் பயப்பட வேண்டும்.

இதையொட்டி ஒன்று. 2020 இல் டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், எனாலாப்ரில் வகைப் பிரஷர் மாத்திரைகள் கொரோனாவை மோசமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் பரவியது. வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏசிஇ2 என்ற புரதத்தோடு இந்த மாத்திரைகளுக்குத் தொடர்பு உண்டு என்பதால் வந்த சந்தேகம். என்னிடம் வந்த சிலர் தாங்களாகவே மாத்திரையை நிறுத்தி, பிரஷர் எகிறி வந்தார்கள். பிரேசிலில் 659 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, ஒரு பாதிக்கு நிறுத்தியும் மறுபாதிக்குத் தொடர்ந்தும் பார்த்தார்கள். நிறுத்தியதால் எந்தப் பலனும் இல்லை. 2021 இல் அந்த முடிவு வெளியானது.

மருந்துக்கடை_முருகு
கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன். காய்ச்சல், உடம்பு வலி என்று வருகிறவர்கள் கேட்பது இரண்டு. ஒன்று, "நல்ல பவரான வலி மாத்திரை". இன்னொன்று, மூக்கடைப்புக்குச் சேர்த்து வருகிற சளி மாத்திரை. வாங்குகிறவர் யாருக்கு என்று சொல்வதில்லை. நானே கேட்பேன். "அப்பாவுக்கு" என்றால் "அட்டாக், ஸ்டென்ட், பிரஷர் ஏதாவது உண்டா" என்று கேட்காமல் கொடுப்பதில்லை. சளி மாத்திரைகள் பலவற்றில் ஃபினைலெஃப்ரின் இருக்கும். அது ரத்தக்குழாயைச் சுருக்கும், பிரஷரை ஏற்றும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் உடம்பில் நீரைத் தேக்கும், சிறுநீரகத்துக்கும் கெடுதல். பாராசிட்டமால் போதும் என்றால் சிலருக்குக் கோபம் வருகிறது, "சும்மா மாத்திரை கொடுக்கிறான்" என்கிறார்கள். வந்தால் வரட்டும்.

மருத்துவர்_மருதம்
முருகு, நீங்கள் செய்வது பெரிய காரியம். தைவானில் 2017 இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. சளிக்காய்ச்சல் இருக்கும் நாட்களில் இந்த வலி மருந்துகளை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து மூன்று மடங்குக்கு மேல் கூடியது. ஊசியாகப் போட்டவர்களுக்கு 7 மடங்கு. "ஒரு ஊசி போட்டுவிடுங்க டாக்டர், நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்று பெரியவர்களும் கேட்கிறார்கள். இதயநோய் உள்ளவர்களுக்கு அதை நான் போடுவதில்லை.

தாமரை_ஐசியு
நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். கார்த்தி அண்ணா எழுதிய அந்த வேர்வையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். காய்ச்சல் இறங்கும்போது வருகிற வேர்வையில் உடம்பு லேசாகும், ஆளுக்குத் தெளிவு வரும், பசி எடுக்கும். இதயத்தில் பிரச்சினை என்றால் வருகிற வேர்வை வேறு. கை கால் சில்லென்று இருக்கும், முகம் வெளுத்திருக்கும், ஆள் சோர்ந்துகொண்டே போவார். தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? உங்கள் பெரியம்மா மேல் ஒரு தப்பும் இல்லை என்று அவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

சுகர் இருப்பவர்களுக்கு நெஞ்சு வலியே வராமல் போகலாம். "வாயுத் தொல்லை", "தாடை வலிக்கிறது", "ஒரு மாதிரியா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். சோடா குடித்துவிட்டுப் படுத்தவர்கள் உண்டு.

அட்டாக்கைவிட அதிகம் தவறவிடுவது இதயச் செயலிழப்பு, அதாவது இதயத்தால் ரத்தத்தைப் போதுமான அளவு பம்ப் செய்ய முடியாமல் போவது. அமெரிக்காவில் ஃப்ளூவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 80,000 சொச்சம் பேரைப் பார்த்ததில் சுமார் 12% பேருக்கு அந்தச் சமயத்திலேயே இதயப் பிரச்சினை வந்தது, அதில் முதலிடம் இதயச் செயலிழப்புக்குத்தான். வீட்டில் அது எப்படித் தெரியும் என்றால், நேற்று வரை ஒரு தலையணையில் தூங்கியவர் இன்று மூன்று தலையணை கேட்பார். ராத்திரி எழுந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொள்வார். கணுக்காலை அழுத்தினால் குழி விழும். பாத்ரூம் போய் வருவதற்குள் மூச்சு வாங்கும். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று கஷாயம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

80 தாண்டியவர்களுக்குக் காய்ச்சலே அடிக்காமலும் இருக்கலாம். திடீரென்று ஆளை அடையாளம் தெரியாமல் பேசுவது, கீழே விழுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, அதுதான் முதல் அறிகுறியாக இருக்கும்.

பவானிக்கரை
மூன்று தலையணை என்று படித்ததும் என் மாமியார் ஞாபகம் வந்துவிட்டது. இதெல்லாம் அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நன்றி தாயி.

ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளலாமா? என் மகன் போடச் சொல்கிறான், தங்கை வேண்டாம் என்கிறாள்.

தர்க்கம்77
அம்மா, என் பயத்தையும் சொல்லிவிடுகிறேன். கொரோனா ஊசிக்குப் பிறகு அட்டாக் வந்தது என்று எவ்வளவு கேள்விப்படுகிறோம். இதயநோய் இருக்கிறவர்களுக்கு இன்னொரு ஊசி தேவையா?

மருத்துவர்_மருதம்
நியாயமான பயம், அதனால் மழுப்பாமல் சொல்கிறேன். எம்ஆர்என்ஏ வகைக் கொரோனா ஊசிகளுக்கு (ஃபைசர், மாடர்னா) பிறகு அரிதாக இதயத்தசை அழற்சி வந்தது உண்மை. அது பெரும்பாலும் இளவயது ஆண்களுக்கு. நம் ஊரில் பெரும்பாலோர் போட்ட கோவிஷீல்டு வகையில் மிக அரிதாக ரத்த உறைவு வந்ததும் உண்மை. ஃப்ளூ ஊசி இவற்றிலிருந்து வேறு. நம் நாட்டில் பெரியவர்களுக்குப் பரவலாகப் போடுவது செயலிழந்த வைரஸில் செய்தது, பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது.

இதயநோயாளிகளிடமே இதைச் சோதித்தார்கள். ஸ்வீடன் தலைமையில் 8 நாடுகளில், பங்களாதேஷும் அதில் ஒன்று. மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள், ஒரு பாதிப் பேருக்கு ஃப்ளூ ஊசியும் மறுபாதிக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது. 2,500 பேருக்கு மேல். ஒரு வருடத்தில் உப்புநீர் போட்டவர்களில் 4.9% பேர் இறந்தார்கள், ஃப்ளூ ஊசி போட்டவர்களில் 2.9%. அதற்கு முன்பே அர்ஜென்டினாவில் 301 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்விலும் ஒரு வருடத்தில் இதயச் சாவு 17% இலிருந்து 6% ஆகக் குறைந்திருந்தது. மாரடைப்பு வந்த வாரத்திலேயே போட்டும் கெடுதல் வரவில்லை, பலன் வந்தது.

ஊசி போட்டால் ஃப்ளூ வரவே வராது என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் வருடா வருடம் போட வேண்டும். வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் ஆகும். சென்னைப் பக்கம் ஃப்ளூ வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏறுவது வழக்கம், அதனால் செப்டம்பரில் போட்டுவிடுவது நல்லது.

ஸ்கார்பரோ_சிவா
இங்கே ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பாமசியிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். அப்பா மரக்கறி வாங்கப் போகும் வழியில் போட்டுக்கொண்டு வருவார்.

பவானிக்கரை
எங்களுக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் காசு கொடுத்துத்தான். பென்ஷன்காரர்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள், அந்தப் பெண்ணின் கையிலேயே இந்த ஊசியையும் அரசு கொடுத்தனுப்பினால் எவ்வளவு பேர் பிழைப்பார்கள்.

எண்கணக்கன்
அம்மா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இந்த இழையில் வந்த எல்லாத் தரவையும்விட அவசரமான வரி அதுதான்.

நெல்லை_கார்த்தி
எல்லோருக்கும் நன்றி. சித்தப்பாவுக்கும் ஸ்டென்ட் இருக்கிறது. அவர் பகுதியில் டெங்கு அதிகம். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் சாப்பிடுகிறார். டெங்கு வந்தால் ஆஸ்பிரின் கூடாது என்கிறார்கள். அவர் என்ன செய்வது?

மருத்துவர்_மருதம்
மிகச் சிக்கலான இடம் இது. டெங்குவில் ரத்தக்கசிவு ஆபத்து, அதனால் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் போடக் கூடாது. ஆனால் ஸ்டென்ட் வைத்த சில மாதங்களில் இந்த மாத்திரைகளை நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து உயிர் போகலாம். ஆகவே தானாக நிறுத்தவும் கூடாது, கண்டுகொள்ளாமல் தொடரவும் கூடாது. காய்ச்சல் வந்த அன்றே மருத்துவரிடம் போய் ஸ்டென்ட் எப்போது வைத்தது என்று சொல்லித் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை பார்க்க வேண்டும். எதை நிறுத்துவது என்று அந்த எண்ணை வைத்து இதய மருத்துவர் முடிவு செய்வார்.

அப்புறம், மெட்டோப்ரோலால், அட்டினோலால் போன்ற இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. டெங்குவில் ஆபத்து நெருங்குவதைத் துடிப்பு ஏறுவதை வைத்தும் கண்டுபிடிக்கிறோம், இவர்களிடம் அந்த அடையாளம் மறைந்துவிடும். காய்ச்சல் விடுகிற நாளில்தான் டெங்குவில் ஆபத்து தொடங்குகிறது என்பதையும் மறக்க வேண்டாம். வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், ஆள் துவண்டு போவது, இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. குளுக்கோஸ் ஏற்றும்போதும் இதயம் பலவீனமானவர் என்று சொல்லிவிடுங்கள். அளவு மீறினால் நுரையீரலில் நீர் கோர்க்கும்.

மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று மேலே சொன்னதற்கு ஒரு விலக்கும் உண்டு. வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பாடே இறங்கவில்லை என்றால் நீர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, டாபாகிளிஃப்ளோசின் போன்ற சுகர் மாத்திரைகளை ஓரிரு நாள் நிறுத்தச் சொல்வோம். போன் செய்து கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

தாமரை_ஐசியு
பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கொரோனா சமயத்தில் வாங்கியது பலர் வீட்டில் கிடக்கும். பேட்டரி மாற்றி வையுங்கள். விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். 94க்குக் கீழே போனால் காத்திருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். மாத்திரைச் சீட்டு, பழைய ஈசிஜி, ஆஞ்சியோ ரிப்போர்ட் மூன்றையும் ஒரே கவரில் போட்டு வைத்திருந்தால் எங்களுக்கு நிறைய நேரம் மிச்சம். பழைய ஈசிஜி இல்லாமல் புதிய மாற்றம் எது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

நெல்லை_கார்த்தி
அம்மாவின் கவரை இன்றே தயார் செய்கிறேன். பெரியம்மாவிடம் தாமரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். கடைசியாக ஒன்று. அம்மாவுக்கு இப்போது லேசாகச் சளி இருக்கிறது, காய்ச்சல் இல்லை. ஊசிக்காகக் காத்திருக்க வேண்டுமா?

மருத்துவர்_மருதம்
லேசான சளி என்றால் போடலாம். காய்ச்சல் இருந்தால் மட்டும் தணிந்த பிறகு. நிமோகாக்கல் நிமோனியா ஊசி போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள், இல்லையென்றால் அதையும் அதே நாளில் இன்னொரு கையில் போட்டுக்கொள்ளலாம். போகும்போது பிரஷரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.